ஒரு சொம்பு கூழ்

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். திருவொற்றியூர் குப்பத்தில் எதிராஜின் வீடு இரண்டே அறை. தண்ணீர் மொள்ளப் போனால் எதிரே வருவாள். கண்ணாடியில் பொட்டு வைத்தால் பின்னால் நிற்பாள். கண்ணைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன வாரம் எதிராஜின் மனைவி வரலட்சுமிக்கும் அவன் தங்கை ராமசெல்விக்கும் மூண்ட சண்டை இன்னும் ஆறவில்லை.

வரலட்சுமி வண்ணாரப்பேட்டையில் பிறந்து, எம்.காம். படித்து, இந்த மீன்பிடிக் குடும்பத்துக்கு மருமகளாய் வந்தவள். இந்த ஆண்டுதான் பக்கத்துக் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசகர். பந்தயத்துக்குப் போய்ப் பாடத்தைக் கோட்டைவிட்டு வருகிற பிள்ளைகளுக்குக் குறிப்பு சேர்த்துக் கொடுப்பாள். எழுதாமல் போன தேர்வுக்கு மறுதேர்வு கேட்டுப் பேராசிரியர்களிடம் நடையாய் நடப்பாள். பதக்கம் வாங்கினால் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற கல்லூரி, பாடத்தில் தோற்றால் அந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காது. திரும்பிப் பார்ப்பதுதான் வரலட்சுமியின் உத்தியோகம்.

ராமசெல்வி அதே கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. பளு தூக்குகிறவள்.

"காலேஜ்ல அண்ணின்னு கூப்டாத செல்வி. சொந்தக்காரப் பொண்ணுக்குச் சலுகை காட்டுறேன்னு பேச்சு வரும்" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே வரலட்சுமி சொல்லியிருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டே மேடம் போட்டுக் கூப்பிட்டு வந்தாள். ஆனால் போன வாரம், கணக்குப்பதிவியல் பேராசிரியர் பொன்ராஜிடம் ராமசெல்விக்காக மறுதேர்வு கேட்கப் போன இடத்தில் அவர், "உறவுக்காரப் பொண்ணா?" என்று கேட்க, வரலட்சுமி சட்டென்று, "அதெல்லாம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டாள். கதவுக்கு வெளியே நின்ற ராமசெல்வியின் காதில் அது விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் உனக்கு ஒண்ணும் இல்லியா அண்ணி?"

அதோடு பேச்சு நின்றது. முந்தாநாளிலிருந்து ராமசெல்வியின் சாப்பாடும் நின்றுவிட்டது.

இன்று ஆடி வெள்ளி. குப்பத்தில் எந்தப் படகும் கடலுக்குப் போகவில்லை. அம்மன் கோயில் வாசலில் விடியற்காலையிலேயே அண்டாக்களில் கூழ் கொதிக்க, எதிராஜும் மற்ற ஆண்களும் துடுப்பு போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு பச்சத் தண்ணிகூட குடிக்காம கீது" என்றாள் மாமியார் கோவிந்தம்மா, கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்தபடி. "உம்மேல கோவம்னா உன்னாண்ட காட்டட்டும். சோத்தாண்ட இன்னாத்துக்கு காட்டணும்?"

வரலட்சுமிக்குச் சுருக்கென்றது. பத்து மணிக்கு மறுதேர்வு. அந்த மதிப்பெண் இன்று மாலைக்குள் பதிவாகவில்லையென்றால் கல்லூரி ராமசெல்வியைப் பல்கலைக்கழக அணிக்கு அனுப்பாது. மதியம் கல்லூரி உள்ளரங்கில் அதே அணிக்கான தேர்வுப் போட்டி. இரண்டையும் ஒரே நாளில் ஒழுங்குசெய்து கொடுத்ததே வரலட்சுமிதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வெறும் வயிற்றோடு அந்தப் பெண் எதை எழுதும், எதைத் தூக்கும்?

கோயிலுக்கு ஓடினாள். படையல் முடிந்து, முதல் சொம்புக் கூழை எதிராஜ் ஊற்றிக் கொடுத்தான். மோர் விட்டுக் கரைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்போடு கொண்டுவந்து, புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ராமசெல்வியின் முன்னால் நீட்டினாள்.

"ஆத்தா கோயில் கூழு செல்வி. வேணாம்னு சொல்லாத."

ராமசெல்வி சொம்பைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். போன வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தாள். பிறகு சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கருவாட்டையும் விடவில்லை.

"நல்லா கீது அண்ணி" என்றாள்.

வரலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. தாயே, ஒரு சொம்பில் இவ்வளவு காரியத்தை முடித்துவிட்டாயே என்று கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

தேர்வு நல்லபடியாக நடந்தது. பொன்ராஜே முன்னால் உட்கார்ந்து எழுதவைத்தார். விடைத்தாளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, அன்றைக்கு அவருக்குப் போட்டிருந்த வேறொரு வேலைக்கு, உள்ளரங்கின் பதிவு மேசைக்குப் போனார். வரலட்சுமி பின்னாலேயே வந்தாள். அரங்கு வாசலில் பயிற்சியாளர் மதி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். விம்கோ நகர்க்காரி. ஒரு காலத்தில் தானும் பளு தூக்கியவள்.

"மேடம், செல்வி எதுனா சாப்ட்டாளா?"

"சாப்ட்டா மதி. நானே குடுத்தேன். ரெண்டு நாளா கோவத்துல பட்டினி."

மதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எடை எறக்கினு இருந்தா மேடம். அம்பத்து மூணு கிலோ பிரிவு. ஒரு கிராம் ஏறுனாலும் எடுக்க மாட்டாங்க. இப்பத்தான் தராசுல ஏறுனா. முந்நூத்தி அம்பது கிராம் கூட நிக்கிது."

குத்துச்சண்டைப் பிள்ளைகளுக்குப் போட்டிக்கு முந்தின நாள் மாலையே எடை பார்த்துவிட்டார்கள். இதுவும் அப்படித்தான், நேற்றே முடிந்திருக்கும் என்று வரலட்சுமி நினைத்திருந்தாள். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளோடுதான் பேச்சே இல்லையே.

"இனிமே அவ்ளோதானா?"

"எடை பாக்குறதுக்கு ஒரு மணி நேரம் உண்டு. அது முடியிறவரைக்கும் எத்தினி தபா வேணாலும் ஏறலாம். வேர்வையா வெளிய வந்தாத்தான் உண்டு."

அன்பாய்க் கொடுத்தது கெடுதலாய் முடியுமா என்றால், முடியும். அம்மன் பேரைச் சொல்லிக் கொடுத்தாலும் முடியும். ஆனால் அன்பு உள்ளவர்கள், ஐயோ நான் நல்லதைத்தானே நினைத்தேன் என்று அழுதுகொண்டு நிற்க மாட்டார்கள். அடுத்து என்ன என்று பார்ப்பார்கள். வரலட்சுமி கணவனுக்குப் போன் போட்டாள்.

"படகுல மழைக்குப் போடுவியே, அந்த பிளாஸ்டிக் கோட்டு. எடுத்துக்கினு காலேஜுக்கு வா. ஜல்தி."

"வெயிலு மண்டயப் பொளக்குது. மழக்கோட்டு இன்னாத்துக்கு?"

"வா, சொல்றேன்."

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து எதிராஜ் வந்து சேர்ந்தபோது, கையெல்லாம் கேழ்வரகு மாவு. ராமசெல்வி அதற்குள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். வேர்வை கொட்டட்டும் என்று கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"மீன் கவிச்சி அடிக்கும்டி" என்றான் எதிராஜ்.

"அடிச்சா இன்னா? அதுலதான வளந்தேன்."

"சொம்பு ஊத்திக் குடுத்தவன் நான். என்னத்தான் நீ மொதல்ல ஒதைக்கணும்."

"நீ கெளம்புண்ணா. அண்டா அடிப்பிடிக்கப் போவுது" என்றாள் தங்கை, ஓடிக்கொண்டே.

ஆனால் கடற்காற்று வீசும் மைதானத்தில் வேர்வை வேண்டிய அளவுக்கு வரவில்லை. இரண்டாவது தடவை தராசில் ஏறியபோதும் எடை கூடுதலாகவே நின்றது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். வள்ளூர் பக்கத்துக் கல்லூரியொன்றின் வேன் டிரைவர். கருணாகரன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"எம்மா, நம்ம வேன் காலைலேர்ந்து வெயில்ல கீது. ஏசியெல்லாம் கெடியாது. கண்ணாடிய ஏத்தி வுட்டா அடுப்புதான். பொண்ணு உள்ள குந்தட்டும்."

மதி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்க காலேஜ் பொண்ணும் இதே பிரிவுதானண்ணே. இவ போனா உங்களுக்குத்தான நல்லது?"

"எங்க பொண்ணு தூக்கி ஜெயிக்கட்டும். தராசு ஜெயிச்சுக் குடுக்க வேணாம்" என்றார் கருணாகரன், சாவியை நீட்டியபடி.

தெய்வம் எந்த உருவத்தில் வரும் என்று யார் கண்டது? பீடி நாற்றத்தோடும் வரலாம்.

"தனியா விடாதீங்க மேடம்" என்றாள் மதி. "தல சுத்துதுன்னு சொன்னா உடனே கதவத் தொறக்கணும். எனக்குக் கோச்சுங்க கூட்டம் கீது, கூப்டுறாங்க."

கருணாகரன் கதவுக் கைப்பிடியில் கைவைத்தபடி வெளியே நின்றார். உள்ளே அண்ணியும் நாத்தனாரும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். ரெக்சின் சூடு தொடையைப் பொசுக்கியது. மூச்சு விடுவதே அனலாய் இருந்தது.

"நீ இன்னாத்துக்கு உள்ள வந்த?" என்றாள் ராமசெல்வி. "ஒனக்கு எடை எறக்கணுமா?"

"எறக்குனா ஒங்க அண்ணன் சந்தோசப்படுவாரு."

ராமசெல்வியின் நெற்றியிலிருந்து முதல் துளி உருண்டு மூக்கு நுனியில் நின்றது. வரலட்சுமி முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"இன்னிக்கு எடை பாக்கப் போறாங்கன்னு ஒனக்குத் தெரியும். அப்பால ஏன் குடிச்ச?"

"நீ குடுத்த. குடிச்சேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சொம்ப எடுத்துக்கினு போயிருப்ப. அப்பால இன்னும் ஒரு வாரம் ரெண்டு பேரும் செவுத்தப் பாத்துக்கினு கெடப்போம்." கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள். "எடையில கொஞ்சம் எடம் இருந்துது அண்ணி. பரிச்ச எழுதுறப்பவே பாதி வேர்த்துப் போயிரும்னு கணக்கு போட்டேன்."

"கணக்குப் பரிச்சயே கோட்டவிட்டவ போட்ட கணக்குதான."

ராமசெல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லாமல் முன்னிருக்கையின் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மாவோட கருவாடு கவுத்துருச்சு" என்றாள். "உப்பு ஒடம்புல தண்ணியப் புடிச்சு வச்சுக்கும்னு மதியக்கா தெனம் சொல்லும். கிண்ணத்தப் பாத்தேன். அதுவும் நீ கொண்டாந்ததுதானன்னு..."

வரலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு பெண் தன் இத்தனை மாத உழைப்பை ஒரு மிடறில் விழுங்கியிருக்கிறாள். ஒரு பேராசிரியர் முன்னால் இவளை உறவென்று சொல்ல இரண்டு வார்த்தை செலவழிக்கத் தனக்கு மனம் வரவில்லை. வெந்துகொண்டிருந்தது வேன் மட்டும் இல்லை.

கண்ணாடியைத் தட்டினார் கருணாகரன். "நேரம் ஆவுதும்மா."

இருவரும் இறங்கியபோது இரண்டு பேர் உடையும் நனைந்து ஒட்டியிருந்தது. ராமசெல்வியின் கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. வரலட்சுமி தோளைக் கொடுத்து அரங்குக்குள் அழைத்து வந்தாள். எடை அறையின் வாசலில் நின்ற பெண் அதிகாரி கையை நீட்டித் தடுத்தார்.

"பொண்ணு இருக்குற நிலைமைல தனியா உள்ள விட மாட்டேன். கோச் எங்க?"

"கூட்டத்துல இருக்காங்க மேடம். நான் வரேன்."

"நீங்க யாரு? வீட்டு மனுஷங்க, இல்லன்னா கோச். வேற யாரும் உள்ள வரக் கூடாது."

கல்லூரி அட்டை வரலட்சுமியின் கழுத்தில் தொங்கியது. நாலடி தள்ளிப் பதிவு மேசையில் பொன்ராஜ் உட்கார்ந்திருந்தார். விடைத்தாள் உறை அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது. அவரும் நிமிர்ந்து பார்த்தார்.

ராமசெல்வி அண்ணியின் கையை விட்டாள். "நான் தனியாவே போறேன் மேடம்" என்றாள், அதிகாரியிடம் சொல்வதுபோல.

வரலட்சுமி அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"நான் இவளோட அண்ணி. என் வீட்டுக்காரரோட கூடப் பொறந்தவ இவ. எங்க வூட்டுப் பொண்ணு."

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். அரங்கில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். பொன்ராஜ் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

உள்ளே, வரலட்சுமி முந்தானையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, ராமசெல்வி கோட்டைக் கழற்றி, நனைந்த துணியைக் களைந்து, காதிலிருந்த சின்னத் தோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறினாள். எண்கள் மேலும் கீழும் ஆடின. வரலட்சுமி பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருவேளை எல்லாரையும் கூப்பிட்டிருப்பாள்.

"சரியா இருக்கு. அம்பத்து மூணு" என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணி குடுங்க மொதல்ல. மெதுவாக் குடிக்கணும்."

உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸை ராமசெல்வி மிடறு மிடறாகக் குடித்தாள். பிறகு வாழைப்பழம். பிறகு எங்கிருந்தோ கருணாகரன் கொண்டுவந்து நீட்டிய ரெண்டு இட்லி. ஒவ்வொரு வாய்க்கும் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் ஏறியது. மதி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு, உடம்பைச் சூடாக்கிக்கொள்ள உள்ளே போனாள். போகும்போது ராமசெல்வி திரும்பிப் பதிவு மேசையைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

வரலட்சுமி பொன்ராஜிடம் போனாள். ஈரப் புடவையோடு, தலை கலைந்து, நின்றாள்.

"போன வாரம் கேட்டேன். இல்லைன்னு சொன்னீங்க" என்றார் அவர்.

"பொய் சொன்னேன் சார்."

"ஏன்?"

"தெரிஞ்சா மறுதேர்வு குடுக்க மாட்டீங்கன்னு பயந்தேன்."

பொன்ராஜ் கோபக்காரர் என்று பெயரெடுத்தவர். ஆனால் இப்போது அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, சங்கடம்.

"குடுத்திருப்பேன்மா. அந்தப் பொண்ணு காலேஜுக்காகத்தான் போட்டிக்குப் போச்சு. மறுதேர்வு அதுக்குப் பாத்தியப்பட்டது. யார் சொந்தமா இருந்தா என்ன?" உறையை எடுத்துப் பார்த்தார். "இப்பதான் சிக்கல். இவ்வளவு பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. நாளைக்கு யாராவது, அண்ணி கேட்டு வாங்கின பரீட்சைன்னு எழுதிப் போட்டா, இந்தப் பேப்பர் செல்லாமப் போகலாம். உங்க வேலைக்கும் கேள்வி வரலாம்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"அவ என் கைய விட்டுட்டா சார். அப்பத்தான் சொன்னேன்."

பொன்ராஜ் எழுந்தார். "இத நான் திருத்தக் கூடாது. முதல்வர்கிட்ட நேரா போறேன். வேற ஒருத்தர் இன்னிக்கே திருத்தட்டும்னு கேட்டுப் பாக்கறேன். நடந்தத நடந்தபடி சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அவர் என்ன முடிவெடுப்பார்னு எனக்குத் தெரியாது."

"நானும் வரேன் சார். தப்பு என்னோடது."

"வாங்க. வர்றதுதான் முறை."

அவர் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். வரலட்சுமி பின்னால் இரண்டடி வைத்திருப்பாள். ஒலிபெருக்கி கரகரத்தது. ஐம்பத்து மூன்று கிலோ பிரிவு, முதல் முயற்சிக்கு வருகிறவர் ராமசெல்வி என்றது.

வரலட்சுமியின் கால் நின்றுவிட்டது.

பொன்ராஜும் நின்றார். மேடையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"முதல்வர் அறை எங்கயும் ஓடிப் போகாது" என்றார். "முடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

வாசலுக்கு வெளியே, மைதானத்து வெயிலில் அவர் உருவம் முதல்வர் அறைப் படிகளை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போனது. அந்த உறைக்குள் ஒரு பெண்ணின் ஒரு வருஷமும், இன்னொருத்தியின் வேலையும் இருந்தன. என்ன பேசுவார், முதல்வர் என்ன கேட்பார், கூப்பிட்டு அனுப்பினால் என்ன பதில் சொல்வது? மனசு அந்தப் படிகளில் அவரோடு ஏறப் பார்த்தது.

வரலட்சுமி அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

மேடையில் ராமசெல்வி உள்ளங்கைகளில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் எதையோ தேடின கண்கள் ஓரிடத்தில் வந்து நின்றன. தேடுவதை நிறுத்திக்கொண்டாள். குனிந்து கம்பியைப் பற்றினாள். முதுகு நேரானது.

கம்பி தரையை விட்டுக் கிளம்பியது.